குளமும் தாங்கியும்

சொற்களுள் சில பெருவழியில் ஓடும் பாரவண்டி போன்றவை. ஏற்றுபவர் யார், இறக்குபவர் யார் என்று பாராமல், கொடுத்த சுமையையெல்லாம் ஏற்றிக்கொண்டு நாடு நாடாகச் செல்லும். ஆங்கிலத்தில் வழங்கும் 'டாங்க்' என்னும் சொல் அத்தகையது. ஓரசைச் சொல், ஆங்கில நெடுங்கணக்கில் நான்கே எழுத்து. ஆயினும் அதன் முதுகில் ஏறியிருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தால் வியப்பே தோன்றும்.

திருகோணமலை மாவட்டத்தில் வாழ்பவர்கள் அந்த வியப்பைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. மூதூருக்குத் தெற்கே, வெருகலை நோக்கிச் செல்லும் வீதியில், வயல்களின் நடுவே அமைந்தது எங்கள் கிளிவெட்டி. அவ்வயல்களுக்கு நீர் தரும் குளம் ஆங்கிலத்தில் 'டாங்க்'. துறைமுகத்தின் ஓரத்தில், சீனக்குடாவில், பிரித்தானியர் நிறுத்திச் சென்ற பெரும் இரும்பு எண்ணெய்க் குதங்களும் 'டாங்க்'. வீட்டுக் கூரையருகே மேடையிட்டு வைத்திருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியும் 'டாங்க்'. போர்க்களத்தில் உருளும் கவச வாகனமும் அதே 'டாங்க்'. ஆங்கிலேயன் இந்நான்கையும் ஒரே வாயால் அழைத்துவிட்டு, இடம் நோக்கிப் பொருள் கொள்க என்று நமக்கு விட்டுவிடுகிறான். இடம் நோக்கத் தெரிந்தவர்க்கு இதனால் இடர் இல்லை. இடமே தெரியாதவர் கையில் அச்சொல் அகப்படும்போது என்ன நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹாப்சன் ஜாப்சன்' என்னும் அகராதி, கீழைநாடுகளிலிருந்து ஆங்கிலத்திற் புகுந்த சொற்களின் களஞ்சியம். அதன் ஆசிரியர்கள் இச்சொல்லின் பிறப்பிடத்தைப் பற்றி நீள ஆராய்ந்திருக்கின்றனர். இச்சொல்லுக்கு உரிமை கோருவோர் இரு திறத்தார். குஜராத்தி, மராத்தி மொழிகளில் நிலத்தடியே கட்டிய நீர்த்தொட்டிக்கு 'டாங்கு', 'டாங்கே' என்னும் பெயர்கள் உண்டு. மேற்கிந்தியாவின் வறண்ட பகுதிகளில், கூரையில் விழும் மழைநீரை வீட்டின் அடியிலேயே சேமித்துவைக்கும் வழக்கம் பழமையானது. மற்றொரு திறத்தார் போர்த்துக்கேயர். அவர்கள் மொழியில் நீர்நிலைக்கு 'தாங்க்கே' என்று பெயர். அது, ஓடுவதைத் தடுத்து நிறுத்துதல் எனப் பொருள்படும் வினையின் வழிவந்தது என்பர். நம் மொழியில் 'தேக்கு' என்னும் வினையிலிருந்து 'நீர்த்தேக்கம்' பிறந்தது போல என்று கொள்ளலாம்.

இன்றைய அகராதியாளர் இவ்வழக்கை ஒருவாறு சமாதானமாக முடித்து வைக்கின்றனர். 17ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்த ஆங்கிலேயர் குஜராத்தி, மராத்திச் சொல்லைக் கேட்டனர். போர்த்துக்கேயச் சொல்லின் ஒலியும் அதனோடு கலந்தது என்பது அவர்கள் முடிபு. அந்த மேற்கிந்தியச் சொல்லின் வேரோ, 'தடாக' என்னும் வடசொல்லாக இருக்கக்கூடும் என்றும் குறிக்கின்றனர். அங்ஙனமாயின் நாம் செய்யுளிலும் கோயிற் புராணங்களிலும் தாமரையோடு சேர்த்துப் படிக்கும் 'தடாக'மும், சீனக்குடாவின் எண்ணெய் நாறும் இரும்புக் குதத்தின் ஆங்கிலப் பெயரும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் ஆகின்றன. சொல்லுலகில் உறவினர்களை எதிர்பாராத இடங்களிலேதான் காணமுடிகிறது.

இனி உருதுவுக்கு வருவோம். கிளிவெட்டியில் உருது எங்கிருந்து வந்தது என வாசகர் வினவலாம். எங்களுக்கு அயலூர் தோப்பூர், அதற்கப்பால் மூதூர். அங்கு வாழும் முஸ்லிம் மக்களின் தாய்மொழி தமிழே. எனினும் மார்க்கக் கல்வியின் பொருட்டு உருது நூல்களைப் பயின்ற மௌலவிமார் அவர்களிடையே உளர். அத்தகைய ஒருவர் என் நெடுநாள் நண்பர். அவரிடம் தாள் பழுத்துப்போன ஓர் ஆங்கில உருது அகராதி உண்டு. அலுவலகக் கடிதங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் தொழிலில் பல்லாண்டு ஈடுபட்டவன் நான். ஆதலின் ஒரு சொல் என்னை மடக்கும்போதெல்லாம், அது உருதுவில் எவ்வாறு விழுகிறது என்று அவரிடம் கேட்பது வழக்கமாயிற்று. மூன்றாவது மொழி ஒன்று அருகிலிருந்தால், இரண்டு மொழிகளுக்கிடையே மறைந்து கிடக்கும் பள்ளம் தெரியும்.

'டாங்க்' என்னும் சொல்லை நான் கேட்டபோது அவர் அகராதியை மூடிவைத்துச் சிரித்தார்.

"மாஸ்டர், இங்கிலீஷ்காரனுக்கு ஒரு சொல்லு. உருதுக்காரனுக்கு நாலு சொல்லு. நமக்கு எத்தனை எண்டு நீங்கதான் சொல்லோணும்" என்றார்.

அவர் எண்ணிய நான்கும் இவை. மழைநீரும் ஆற்றுநீரும் தேங்கும் திறந்த நீர்நிலை 'தாலாப்'. பள்ளிவாசல் முற்றத்திலோ அரண்மனைத் தோட்டத்திலோ கல்லால் கட்டிய நீர்த்தொட்டி 'ஹவுஸ்'. கூரைமேல் வைக்கும் கலமும், மோட்டார் வண்டியின் எண்ணெய்க் கலமும் 'டங்கி'. போர் வாகனம் 'டைங்க்'. இறுதியிற் கூறியது ஆங்கிலச் சொல்லே. உருது அதனை மாற்றாமல் ஏற்றுக்கொண்டது. அதனைத் தகர்க்கும் படைக்கலத்தைக் குறிக்கும்போது மட்டும் பாரசீகச் சொல்லொன்றைக் கூட்டி 'டைங்க்-ஷிகன்', அதாவது 'டாங்கி உடைப்பது' என்று சொல்கிறது.

இந்நான்கனுள் 'தாலாப்' என்னும் சொல்லின் கட்டமைப்பு அழகியது. 'தால்' என்பது தடாகத்தின் திரிபு; 'ஆப்' என்பது பாரசீகத்தில் நீர். வடமொழி வழி வந்த பாதியும் பாரசீகம் வழி வந்த பாதியும் ஒரு சொல்லில் கைகோத்து நிற்கின்றன. பஞ்சாப் என்னும் பெயரில் ஐந்து ஆறுகளைக் காட்டும் அதே 'ஆப்' தான் இது. உருது என்னும் மொழி எவ்வாறு உருவாயிற்று என்பதற்கு இவ்வொரு சொல்லே சான்றாகும்.

'ஹவுஸ்' என்பதோ அரபுச் சொல். டில்லியில் அலாவுதீன் கில்ஜி வெட்டுவித்துப் பின் பிரோஸ் ஷா துக்ளக் தூர்வாரிப் புதுப்பித்த பெரிய நீர்நிலையின் பெயரே, இன்று 'ஹவுஸ் காஸ்' என்று ஒரு நகர்ப்பகுதிக்கு வழங்குகிறது. இச்சொல்லை மூதூர் மக்கள் உருதுக்காரரிடம் கடன்வாங்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தொழுகைக்கு முன் கைகால் கழுவும் நீர்த்தொட்டியை அவர்கள் 'ஹவுழ்' என்கின்றனர். ரம்ஜான் என்று வடக்கே சொல்வதை நம் முஸ்லிம் மக்கள் ரமழான் என்று சொல்வதுபோல, அரபு எழுத்தொன்று உருதுவில் 'ஸ' ஆகவும் ஈழத்துத் தமிழில் 'ழ' ஆகவும் ஒலிக்கிறது. அராபியாவில் புறப்பட்ட சொல் கொட்டியாரக் குடாவை அடையும்போது, தமிழுக்கே சிறப்பென்று நாம் பெருமை பேசும் எழுத்தைச் சூடிக்கொண்டு நிற்கிறது!

உருது வழங்கும் பெருநகரம் ஒன்றில் இச்சொற்கள் எவ்வாறு குடியிருக்கின்றன எனக் காண விரும்புவோர் ஹைதராபாத்தை நோக்கலாம். அங்கே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வளைவு வளைவாய்ச் சுவரெழுப்பி அமைத்த நீர்நிலையை ஆங்கிலத்தில் 'மீர் ஆலம் டாங்க்' என்பர். உருதுவில் 'மீர் ஆலம் தாலாப்'. அதனினும் பழைய உசேன் சாகரின் கரைமேல் ஓடும் வீதிக்கு 'டாங்க் பண்ட்' என்பது ஊர் அறிந்த பெயர். இப்பெயரின் பின்பாதியாகிய 'பண்ட்' ஆங்கிலச் சொல்லே அன்று. கட்டு, தடுப்பு எனப் பொருள்படும் 'பந்த்' என்னும் பாரசீக உருதுச் சொல். ஆங்கிலேயன் அதனை இந்தியாவில் எடுத்து, இலங்கைக்குக் கொண்டுவந்து, எங்கள் குளக்கட்டுக்கும் சூட்டினான். நீர்ப்பாசனப் பொறியியலாளரின் ஆங்கில அறிக்கையில் இன்றும் மூன்று சொற்கள் அருகருகே நிற்பதைக் காணலாம்: டாங்க், பண்ட், அனிக்கட். முதலது மேற்கிந்தியா தந்தது. இரண்டாவது பாரசீகமும் உருதுவும் தந்தது. மூன்றாவது நம் 'அணைக்கட்டு'. நீரை நிறுத்தும் கலையைப் பற்றி எழுதவந்த ஆங்கிலம், அதற்கு வேண்டிய சொற்களை நீரை நிறுத்தத் தெரிந்தவர்களிடமே பெற்றது.

அமைதியான இந்நீர்ச்சொல் போர்க்களம் புகுந்த கதையும் கேட்கத் தகுந்தது. முதலாம் உலகப் போரில், முட்கம்பியையும் அகழியையும் கடந்து செல்லும் கவச ஊர்தியொன்றை 1915ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இரகசியமாகச் செய்தனர். இங்கிலாந்தின் லிங்கன் நகரிலே தொழிற்சாலை. பெரிய இரும்புடலங்கள் வெளியே தெரியுமன்றோ? கேட்பவர்க்கு என்ன சொல்வது? தண்ணீர் கொண்டு செல்லும் கலங்கள் என்று சொல்லிவைத்தனர். அவ்வாண்டின் இறுதியில் 'டாங்க்' என்பதே மறைபெயராக நிலைத்தது. 1916 செப்டெம்பர் 15ஆம் நாள், பிரான்சின் சோம் போர்முனையில் அவை முதன்முதலாகக் களமிறங்கின. இரகசியம் அன்றே வெளிப்பட்டது. பெயர் மட்டும் நீங்கவில்லை. ஆக, உலகமெங்கும் அஞ்சப்படும் அப்படைக்கலத்தின் பெயர் ஒரு பொய்யிலே பிறந்தது. அப்பொய்யும் தண்ணீரைப் பற்றியதே.

இனி நம் துறைமுகத்துக்குத் திரும்புவோம். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், தம் கடற்படைக்கு எண்ணெய் சேமிக்கும் பொருட்டு, பிரித்தானியர் சீனக்குடாவின் காட்டிடையே ஏறக்குறைய நூறு குதங்களை நிறுவினர். ஒவ்வொன்றும் சுமார் 12,000 தொன் எண்ணெய் கொள்வது. 1942 ஏப்ரில் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது குதமொன்று எரிந்தழிந்தது. எஞ்சியவை குறித்து 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்தபோது எண்ணிக்கை 99. தமிழ்ச் செய்தித்தாள்கள் இவற்றை 'எண்ணெய்க் குதம்' என்றும் 'எண்ணெய்த் தாங்கி' என்றும் எழுதின. எவரும் 'எண்ணெய்க் குளம்' என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? எழுதியவர் எந்த அகராதியையும் புரட்டியிரார். காது சொல்லிற்று, அவ்வளவே. அந்தக் காது நமக்கு இருக்கும்வரை மொழிக்குக் கேடில்லை.

'தாங்கி' என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில 'டாங்க்' என்பதன் ஒலிக்கு அணித்தாய் இருப்பதோடு, தாங்குவது, கொண்டிருப்பது என்னும் தமிழ்ப் பொருளும் அதற்கு இயல்பாக அமைந்துவிட்டது. ஒலியும் பொருளும் இவ்வாறு ஒருங்கே பொருந்துதல் மொழிபெயர்ப்பாளனுக்கு வாழ்நாளில் சிலமுறையே கிட்டும் நல்லூழ். தமிழ்நாட்டிலோ 'தாங்கல்' என்று சிறிய ஏரிக்கு ஒரு பெயருண்டு. சென்னையின் பழவந்தாங்கல் அதனைத் தன் பெயரில் வைத்திருக்கிறது. இதைக் கண்ட சிலர், ஆங்கிலச் சொல்லே தாங்கலிலிருந்து பிறந்தது என்று சாதிக்க முற்படுவர். ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்றாகாது. நம் மொழிக்கு உண்மையான சிறப்புகள் இருக்க, கடனாகப் பெற்ற பெருமை எதற்கு? 'தாங்கல்' நம்முடையது, அணைக்கட்டிலிருந்து வந்த 'அனிக்கட்' நம்முடையது, அவை போதும். 'டாங்க்' என்பதன் பிறப்புரிமையைக் குஜராத்தியரும் போர்த்துக்கேயரும் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் சொல்லின் வரலாறு. இவ்வாராய்ச்சி ஏடு புரட்டுவோரின் பொழுதுபோக்கு மட்டுமாக இருந்திருப்பின், நான் இதனை எழுதப் புகுந்திரேன். எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

அச்சிற்றூரில் ஒரு சிறு குளம். போர்க் காலத்தில் மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தமையால், பராமரிப்பின்றிக் கட்டு கரைந்து, துருசு அடைபட்டுக் கிடந்தது. திரும்பி வந்த மக்கள் அதனைத் திருத்தித் தருமாறு விண்ணப்பித்தனர். முதலாம் ஆண்டு விடை இல்லை. இரண்டாம் ஆண்டு விடை வந்தது: "உமது கிராமத்துக்கான குளம் ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது." ஊரார் திகைத்தனர். வட்டை விதானையாக இருந்த முதியவர் அக்கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார்.

"மாஸ்டர், குளத்தை எப்பிடி வழங்குறது? லொறியில ஏத்திக்கொண்டு வந்து இறக்கினவங்களாமோ?" என்று கேட்டார்.

அவர் நகையாடவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினார். அவர் கேள்வியிலேயே விடையும் இருந்தது. ஆம், ஏற்றிக்கொண்டு வந்துதான் இறக்கினார்கள்! மக்கள் மீளக்குடியேறிய நாளில் நிவாரண அமைப்பொன்று ஊர்ப் பொதுவிடத்தில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தாங்கி ஒன்றை வைத்துச் சென்றது. ஆங்கிலப் பட்டியலில் அது 'டாங்க், ஒன்று, வழங்கப்பட்டது' எனப் பதிவாயிற்று. அப்பட்டியலைத் தமிழாக்கியவர், நெடுந்தூரத்து அலுவலகம் ஒன்றில் இருந்துகொண்டு, அகராதியில் முதலிற் கண்ட பொருளை எடுத்துக் 'குளம்' என்று எழுதிவிட்டார். அடுத்த மேசைக்காரர் தமிழ்ப் படியைப் பார்த்து விண்ணப்பத்தைத் தள்ளினார். பட்டியலின் மூலத்தை வருவித்துப் பார்த்தபோது, அதே வரியின் கடைசி நிரலில் கொள்ளளவும் குறிக்கப்பட்டிருந்தது: ஆயிரம் லீற்றர். ஆயிரம் லீற்றர் கொள்ளும் குளத்தில் எருமை ஒன்று இறங்கினால், மறுகணம் எருமை இருக்கும், குளம் இராது. அந்நிரலை ஒருவர் ஏறிட்டுப் பார்த்திருந்தாலும் போதுமாயிருந்தது.

மீண்டும் ஒரு கடிதம் எழுதினோம். அதில் 'டாங்க்' என்னும் சொல்லைத் தனியே நிற்கவிடவில்லை. கட்டின் நீளம், துருசின் இடம், வான் பாயும் திசை, கீழே விளையும் வயலின் ஏக்கர் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, வரைபடமும் இணைத்தோம். கோப்பு மீளத் திறக்கப்பட்டது. அடுத்து வந்த கோடையில் மண்வேலையும் நடந்தது. ஆயினும் இடையிற் கழிந்த இரண்டு பெரும்போகங்கள் கழிந்தவையே. அவ்விரண்டு ஆண்டுகளில் வயலைக் கைவிட்டுக் கூலிவேலை தேடிக் கொழும்புக்குச் சென்ற இளைஞர் சிலர் பின்னர் வயலுக்குத் திரும்பவில்லை. ஒரு சொல்லின் விலை இவ்வளவு என்று எவரும் கணக்கிட்டு எழுதிவைப்பதில்லை.

இங்கேதான் குளம் என்பது யாது என்னும் கேள்வி எழுகிறது. குளம் ஒரு பாத்திரம் அன்று. நீர் வரும் காடும், நீரை நிறுத்தும் கட்டும், மிகை நீரை விடும் வானும், வேண்டிய நீரை விடும் துருசும், அதன்பின் வாய்க்காலும், வயலும், வயலை உழுபவரும், யாருக்கு எந்நாளில் நீர் என்று தீர்மானிக்கும் கூட்டமும் சேர்ந்ததே குளம். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடி, குளத்தில் இத்தனை அடி நீர் இருக்கிறது, இத்தனை ஏக்கர் விதைக்கலாம், இன்ன நாளில் துருசு திறக்கப்படும் என்று முடிவு செய்வர். அக்கூட்டமும் குளத்தின் ஓர் உறுப்பே. அது நடைபெறாத ஆண்டில், நீர் நிறைந்திருந்தாலும் குளம் பாதியே.

துருசுக் கதவு ஒன்றின் கனம் எவ்வளவு என்பதைக் கொட்டியாபுரத்து மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எங்கள் ஊருக்குத் தெற்கே, வெருகலாற்று நீரைப் பெறும் மாவிலாற்றுத் துருசு 2006 ஜூலையில் மூடப்பட்டது. அதனைத் தொட்டு மூண்ட சண்டை கிழக்கு முழுவதும் பரவிற்று. அவ்வாண்டில் சம்பூர்ப் பகுதியிலிருந்து பெயர்ந்த மக்களிற் பலர் பின்னர் கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக வாழ நேர்ந்தது. தம் ஊரில் வயலும் கிணறும் உடையவர்கள், முகாமில் குடத்தோடு தாங்கியின் முன் வரிசையில் நின்றனர். தாங்கி அன்று அவர்களின் உயிர் காத்தது. அதனை இகழ்வது நன்றியன்று. ஆனால் தாங்கியில் நீர் தீர்ந்தால் வண்டி வரவேண்டும். குளத்தில் நீர் தீர்ந்தால் மழை வரவேண்டும். முன்னதில் மனிதன் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கிறான். பின்னதில் வானத்தை எதிர்பார்த்து நிற்கிறான். இரண்டும் ஒன்றென்று எவர் சொல்வார்?

ஆங்கிலப் புலமையாளரும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே இருக்கின்றனர். இலங்கையின் உலர்வலயத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்து, மேற்குளத்தின் மிகைநீரைக் கீழ்க்குளம் ஏற்கும் தொடர்குளங்களை, உலக உணவு விவசாய அமைப்பு 2017ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றது. அதற்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரில் 'டாங்க்' தனித்து நிற்கவில்லை. 'கிராமம்' என்னும் சொல் அதனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. குளத்தைச் சொல்ல ஊரையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. தமிழில் 'குளம்' என்ற அளவிலேயே ஊர் உள்ளே வந்துவிடுகிறது. எத்தனை ஊர்ப்பெயர்கள் குளத்தில் முடிகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் இவ்வுண்மை விளங்கும்.

சிங்களத்திலும் இதுவே நிலை. 'வெவ' என்னும் சிங்களச் சொல்லும் நம் 'வாவி'யும், 'வாபி' என்னும் ஒரே பழஞ்சொல்லின் வழிவந்தவை. இம்மாவட்டத்தில் தமிழர் பெரியவிளாங்குளம் என்று வழங்கும் ஊர், சிங்களத்தில் மகாதிவுல்வெவ. பெரிய என்பதற்கு மகா, விளாவுக்குத் திவுல், குளத்துக்கு வெவ. சொல்லுக்குச் சொல் பிழையற்ற மொழிபெயர்ப்பு. எனினும் ஊர்ப்பெயர் என்பது பொருளை மட்டும் சுமப்பதில்லை. அங்கே வாழ்ந்தவர் யார் என்னும் நினைவையும் சுமக்கிறது. பொருள் முழுதும் நின்று நினைவு மட்டும் நீங்கிவிடுதலும் உண்டு என்பதற்கு இது சான்று. ஆகவே மொழிபெயர்ப்பில் பிழை நேர்ந்தாலும் இழப்பு. சில இடங்களில், பிழை நேராவிடினும் இழப்பு.

பல்லாண்டுப் பழக்கத்தில் நான் கண்டறிந்த எளிய சோதனை ஒன்றை இளம் மொழிபெயர்ப்பாளர்க்குச் சொல்லி அமைகிறேன். பெயர்ச்சொல் மயக்கும்போது வினைச்சொல்லைக் கேளுங்கள். குளத்தை வெட்டுவர், தொட்டியைக் கட்டுவர், தாங்கியை வைப்பர், டாங்கியை ஓட்டுவர். குளம் வான் பாயும், தொட்டி வழியும், தாங்கி ஒழுகும். உருதுவிலும் அவ்வாறே: தாலாப்பைத் தோண்டுவிப்பர், டங்கியை நிரப்புவர், டைங்க்கைச் செலுத்துவர். 1986 ஏப்ரில் 20ஆம் நாள் கந்தளாய்க் குளம் உடைத்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்செய்தியின் ஆங்கில வரியில் நின்றதும் 'டாங்க்' என்னும் அதே சொல்தான். அருகிருந்த 'உடைத்தது' என்னும் வினையையும், மாண்டோரின் தொகையையும் கண்ட எவரும் அதனைத் தாங்கி என்று தமிழாக்கியிரார். 'வழங்கப்பட்டது' என்னும் வினையைக் கண்டும் குளம் என்று எழுதியவர், அந்த வினையை நின்று கேட்கவில்லை. வட்டை விதானை கேட்டார். அவர் ஆங்கிலம் அறியார்; உருதுவும் அறியார். எந்தப் பெயருக்கு எந்த வினை பொருந்தும் என்பதை மட்டும் அறிவார்.

மௌலவி நண்பரின் வினாவுக்கும் விடை கூறியாக வேண்டும். ஆங்கிலேயனுக்கு ஒன்று, உருதுக்காரனுக்கு நான்கு. நமக்கோ குளம், ஏரி, கண்மாய், தாங்கல், ஊருணி, கேணி, வாவி, மடு, மோட்டை, தொட்டி, தாங்கி, குதம் என்று பட்டியல் நீள்கிறது. விரல்கள் தீர்ந்த பின்னும் சொற்கள் தீரவில்லை. நான் எண்ணி முடித்துச் சொன்னபோது அவர் அகராதியின் அட்டையைத் தட்டி, "அப்ப, மாஸ்டர், இவ்வளவு சொல்லு வச்சிருக்கிற ஆக்கள், கடதாசியில மட்டும் ஏன் ஒண்ட மட்டும் எழுதுறாங்க?" என்றார். அக்கேள்வியைக் கோப்புகளோடு வாழும் நம் எழுத்தாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் நான் அவ்வண்ணமே அனுப்பிவைக்கிறேன்.